வீட்டுக் கிரையத்தில் விற்பவர் மறைக்கக் கூடாதவை

வீட்டை வாங்குபவர்தான் எல்லாவற்றையும் துருவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அந்தச் சுமை முழுவதையும் வாங்குபவர் தலையில் ஏற்றவில்லை. சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை ஒன்று தமக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், இயல்பான கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டறிய முடியாமலும் இருக்குமானால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், விற்பவர் அதைத் தாமே சொல்லிவிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 55ஆவது பிரிவு. முன்பே தெரிந்திருந்தால் வாங்குபவர் அந்தக் கிரையத்துக்கு உடன்பட்டிருக்க மாட்டார் என்று கருதத்தக்க குறையே முக்கியமான குறை எனப்படுகிறது. சுவரில் வெளிப்படையாகத் தெரியும் விரிசலைப் பற்றி விற்பவர் வாய் திறக்கத் தேவையில்லை. ஆனால், தூர்த்த கிணற்றின்மேல் அறை எழுப்பப்பட்டிருப்பதை அறிந்தவர் அதைச் சொல்லாமல் விடலாகாது.

கட்டடக் குறையைவிட உரிமைக் குறையே பெரிய இழப்பைத் தருகிறது. வில்லங்கச் சான்றை வாங்கிப் பார்த்தால் போதும் என்று நம்புவோர் பலர். ஆனால் அது, குறிப்பிட்ட காலத்துக்குள் அச்சொத்தின்மீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களைக் காட்டும் பட்டியலே தவிர, உரிமைக்கு உத்தரவாதம் அன்று. பதிவு செய்யாமல் எழுதிவைத்த உயிலும், வாய்மொழியாக நடந்த குடும்பப் பாகப்பிரிவினையும் அதில் இடம்பெறுவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் செய்த திருத்தங்களால் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புவழிப் பங்கு கிடைத்திருக்க, கையெழுத்திடாத சகோதரி ஒருவர் இருப்பதைச் சான்று சொல்லாது, அண்ணன்தான் சொல்ல வேண்டும். பட்டாவும் வருவாய்த் துறைப் பதிவேட்டின் பகுதியே ஆதலால், அது மட்டும் உரிமைக்கு இறுதிச் சான்றாகிவிடாது.

இதே பிரிவு, வாங்குபவர் கேட்டால் மூலப் பத்திரங்களைப் பார்வைக்குத் தருவதையும், சொத்தையும் உரிமையையும் பற்றி அவர் எழுப்பும் கேள்விகளுக்குத் தாம் அறிந்தவரை பதில் சொல்வதையும் விற்பவரின் கடமையாக்குகிறது. வழக்கு நிலுவையில் உள்ளதா, வாரிசுகள் யார் யார், கட்டடம் அனுமதித்த வரைபடப்படி எழுந்ததா என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெறுவோர் இங்கு மிகக் குறைவு. பின்னாளில் வில்லங்கம் எழுந்தால் தாமே தீர்த்துத் தருவதாக விற்பவர் கிரையப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம் என்றாலும், கையில் பணம் தீர்ந்துபோன ஒருவரிடமிருந்து அந்த உறுதியை நிறைவேற்றி வாங்குவது எளிதன்று.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது மோசடித் தன்மையுடையது என்று அப்பிரிவே முடிவாக அறிவிக்கிறது. எனவே ஏமாற்றப்பட்டவர் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தைத் தள்ளிவிடக் கோரலாம். பத்திரம் பதிவான பின்னரும், அதை ரத்து செய்யும் வழக்கை, உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். எனினும், விற்பவருக்கு அக்குறை தெரிந்திருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரையே சார்கிறது.

கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறையை நிறுவனம் தன் செலவிலேயே சீர்செய்ய வேண்டும். தனியொருவர் தம் பழைய வீட்டை விற்கும் மறுவிற்பனைக்கு இச்சட்டம் பொருந்துவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கூரையின் கசிவு முதல் அக்கம்பக்கத்து இரைச்சல் வரை தாம் அறிந்தவற்றை விற்பவர் நிரப்பித் தரும் படிவம் சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய படிவம் ஒன்றைக் கிரையப் பத்திரத்தோடு இணைக்கச் செய்வதே 55ஆவது பிரிவின் நோக்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் நேரான வழியாகும். விற்பவர் என்ன அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய கையெழுத்தே அப்போது சான்றாக நிற்கும்.