சூறைக்குப் பின் ஓர் ஊர்

ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மாத்திரமன்று. கிணறும் கடைத்தெருவும் பள்ளியும் களஞ்சியமும் நிழல் மரமும் ஒருங்கே அமைந்ததே ஊர். இவையெல்லாம் ஒரே இரவில் அழிந்துபோனால் எதை முதலில் எழுப்புவது? அதைத் தீர்மானிப்பவர் யார்? இக்கேள்விகளை நேருக்கு நேர் சந்தித்த ஒரு வேளாண் சிற்றூரின் வரலாற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கான்ஸாஸ் மாநிலம் கோதுமைக்கும் கால்நடைக்கும் பேர்போனது. அங்குள்ள கிரீன்ஸ்பர்க் என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1,574 மக்கள் வாழ்ந்தனர். 1887-88 ஆண்டுகளில் மனிதர் கையாலேயே தோண்டப்பட்ட, 32 அடி அகலமும் 109 அடி ஆழமும் உள்ள பெருங்கிணறு அவ்வூரின் பெருமை.

2007 மே 4-ஆம் தேதி இரவு, ஒன்றரை மைலுக்கு மேல் அகலமுள்ள சுழற்காற்று அவ்வூரின்மீது பாய்ந்தது. அபாயச் சங்கு முன்கூட்டியே ஊதியதால் பலர் நிலவறைகளில் புகுந்து உயிர் தப்பினர். ஆயினும் 10 பேருக்கு மேல் மாண்டனர். ஊரில் நூற்றுக்கு 95 பங்கு அழிந்தது. அழியாமல் நின்றவற்றுள் உயர்ந்த கான்கிரீட் தானியக் களஞ்சியமும் ஒன்று.

கூடாரத்தில் கூடிய ஊர்

இடிபாடுகள் அகற்றப்படு முன்னரே ஊரார் பெரியதொரு கூடாரத்தில் ஒன்றுகூடினர். தத்தம் வீட்டைப் பற்றி மட்டும் பேசாமல், ஊர் எப்படி அமையவேண்டும் என்று விவாதித்தனர். நிபுணர்கள் வரைபடம் தீட்டினர். ஊரார் அதனை ஆராய்ந்து கருத்துரைத்தனர். 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகரசபைக் கட்டடங்கள் யாவும், எரிபொருளும் நீரும் சிக்கனமாகச் செலவாகும் வண்ணம் மிக உயர்ந்த தரத்தில் எழவேண்டும் என்று 2007 டிசம்பரில் நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாட்டில் இத்தகைய தீர்மானம் செய்த முதல் ஊர் அதுவே.

நீரும் நிழலும் வீதியும்

காற்று மரங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே பிரதான வீதியை அமைக்கும்போதே நடைபாதை, மரவரிசை, அமர்வதற்கான இடம் ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிட்டனர். மழைநீரை வீணே ஓடவிடாமல் தொட்டிகளில் சேமித்து வீதியோரச் செடிகளுக்குப் பாய்ச்ச ஏற்பாடு செய்தனர். பள்ளியும் பிரதான வீதியிலேயே எழுந்தது. கடை இழந்த சிறு வணிகர் குறைந்த வாடகையில் தொழில் தொடங்குவதற்கென ஒரு பொதுக் கட்டடமும் 2009-இல் திறக்கப்பட்டது. அழிவைக் கொணர்ந்த காற்றையே வேலை வாங்குவதுபோல், ஊருக்கு வெளியே 10 காற்றாலைகள் 2010-இல் இயங்கத் தொடங்கின.

கணக்கின் மறுபக்கம்

இவ்வளவு செய்தும் ஊரார் அனைவரும் திரும்பவில்லை. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் 777 பேரே, 2020-இல் 740. பழைய எளிய வீட்டுக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகை புதிய வீடு கட்டப் போதவில்லை. முதியோருக்கும் வாடகைக் குடியிருப்போருக்கும் இன்னல் அதிகமாயிற்று. வேறிடத்தில் வேலையும் பள்ளியும் தேடிக்கொண்ட குடும்பங்கள் அங்கேயே வேரூன்றின. அழகிய வீதி ஊருக்கு உயிரூட்டும் என்பது மெய். ஆனால் ஏழை எளியோர் குடியேறத்தக்க வீடும், பிழைக்கத்தக்க தொழிலும் விரைவில் கிட்டாவிடில் அவ்வீதியில் நடப்பார் குறைவர் என்பதும் அதே அளவு மெய்.

நமக்குரிய பாடம்

புயலும் வெள்ளமும் முன்னறிவித்து வருவது உண்டு. ஆனால் திட்டமிட அவகாசம் தந்து வருவதில்லை. தறிக்குழியில் நீர் புகுந்தால் நெசவாளர் வீட்டையும் தொழிலையும் ஒருங்கே இழக்கிறார். தோப்புச் சாய்ந்தால் விவசாயி பல்லாண்டு வருவாயை இழக்கிறார். ஆகையால் வீடு கட்டும் திட்டத்திலேயே தறிக்கும், நூல் கிடங்குக்கும், விதைக்கும், கால்நடைக்கும் மேடான இடம் குறிக்கப்படவேண்டும். வாய்க்கால் வழியும் நீர்நிலைக் கரையும் மனைகளாகாமல் காக்கப்படவேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் கிணறு, குளம், மேட்டு நிலம், பொதுக் கட்டடம் ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் ஒன்றையும், சொந்த வீடில்லாத அங்கத்தினர் உள்ளிட்ட முழு ஜாபிதாவையும் இப்போதே தயாரித்து மகாசபையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஊர் நிமிர்ந்து நிற்கும் நாளில் கூடிப் பேசியவர்களுக்கே, அது வீழ்ந்த நாளில் ஒன்றாய் நிற்பது எளிதாகும்.