பிள்ளை தலையில் பேனா? ஒன்பதாவது நாளை மறக்காதீர்கள்!

சர்க்கரை நோய், மாமியார் சண்டை, வட்டி முதலையிடம் வாங்கிய கடன் என்று எதைப் பற்றியும் வானொலியில் மனம் திறந்து பேசுகிற நேயர்கள் நம்மவர்கள். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் குரல் தாழ்ந்துவிடும். "அக்கா, பேர் சொல்லிடாதீங்க. எந்த ஸ்கூல்னும் சொல்ல வேணாம். பிள்ளை தலையில பேன்... எவ்வளவு போட்டும் போக மாட்டேங்குது." குடும்ப நல நிகழ்ச்சிகளில் இப்படி வந்த அழைப்புகள் கொஞ்சமல்ல. பேசுகிறவர்களில் பலர் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் வசிப்பவர்கள். பேனைவிட அவர்களை அதிகம் அரிப்பது, "நம் வீட்டிலா இப்படி?" என்ற கேள்விதான்.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த அம்மாக்களையும் பாட்டிகளையும் கேட்டுப் பாருங்கள். பால்வெட்டு முடிந்து, சமையல் முடிந்து, லயத்து வாசல்படியில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்ப்பது அன்றாடக் காட்சி. ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் அரங்கேறும். மகள் தலையைத் தாய் மடியில் போட்டுக்கொள்வதும், பெருவிரல் நகத்தில் பேனை வைத்து 'டிக்' என்று நசுக்குவதும் அன்பின் ஒரு வகை. யாரும் யாரையும் கேவலமாகப் பார்த்ததில்லை, எல்லார் தலையிலும் இருந்தது! பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கமிருந்து பலர் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். வாசல்படி போயிற்று. பேன் மட்டும் கூடவே வந்தது, 'தோட்டக்காட்டு' அடையாளம் என்ற புதுப் பெயரோடு. பட்டணத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு, தலையைச் சொறிவது பழைய முகவரியைக் காட்டிக்கொடுப்பது போல ஆகிவிட்டது.

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், பேன் தொல்லை இந்தியப் பிள்ளைகளிடம் அதிகமாகவும், அடுத்து மலாய்ப் பிள்ளைகளிடமும், சீனப் பிள்ளைகளிடம் குறைவாகவும் இருந்தது. இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, நம்மிடம்தான் சுத்தம் இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் தூங்கிய லயத்து வீட்டையும், ஒரே தொட்டில் வரிசையில் எல்லாக் குழந்தைகளும் கிடந்த ஆயாக் கொட்டகையையும், இடுப்பு வரை வளர்த்த பெண் பிள்ளைகளின் கூந்தலையும் நினைத்துப் பாருங்கள். தலையோடு தலை உரச இத்தனை வாய்ப்பு இருந்தால் எந்த இனத்துப் பிள்ளைக்கும் பேன் வரும். 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு கிளந்தானில், ஆரம்பப்பள்ளி மாணவர்களிடம் நடந்தது. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குப் பேன் இருந்தது. கிளந்தானில் நம் தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்! அமெரிக்காவில் 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் பேன் வருவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது.

பேன் வேறு, அழுக்கு வேறு. பேனுக்கு வேண்டியது முடியைப் பிடித்துக்கொள்ள ஓர் இடமும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ரத்தமும்தான். தினமும் ஷாம்பு போடும் தலையிலும் அது சௌகரியமாக வாழும். அதற்குச் சிறகு இல்லை, பறக்காது. தத்துக்கிளி மாதிரி குதிக்கவும் குதிக்காது. ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு ஊர்ந்து போகும், அவ்வளவே. தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஓரிரண்டு நாளில் பட்டினியால் செத்துவிடும். ஆகவே பிள்ளைக்குப் பேன் வந்தது பெரும்பாலும் இன்னொரு பிள்ளையின் தலையிலிருந்துதான். ஒரே கைப்பேசித் திரையில் மூன்று தலைகள் ஒட்டிக்கொண்டு காணொளி பார்க்கிற காலம் இது. தீபாவளிக்குப் பாட்டி வீட்டில் சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள் எல்லாம் ஒரே மெத்தையில் படுப்பதும் பேனுக்குத் திருவிழாதான். தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதாக மருத்துவம் சொல்லவில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் தங்கும் உடற்பேன், அது வேறு.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்கு நம் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல் முறை பேன் வந்த பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். பிள்ளை சொறியத் தொடங்கும்போது பேன் குடியேறி ஒரு மாதம் ஆகியிருக்கும். நேற்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைக் குற்றம் சொல்லி, அந்தத் தாயிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

சரி, கைவைத்தியத்துக்கு வருவோம். அடிக்க வருவீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன், நம் வீட்டு வைத்தியங்களில் சில ஆபத்தானவை.

முதலில் மண்ணெண்ணெய். தோட்டங்களில் இது எவ்வளவு சகஜம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கிள்ளான் வட்டாரக் கிராமப் பள்ளிகளில் நடந்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், பேன் மருந்துகளோடு மண்ணெண்ணெயையும் சேர்த்துச் சோதித்தார்கள் என்றால் பாருங்கள். மண்ணெண்ணெய் தேய்த்த தலையோடு அடுப்பங்கரைக்கோ, சாமி விளக்குப் பக்கமோ போன பிள்ளை என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். தோலையும் புண்ணாக்கும், ஆவியை மூச்சில் இழுப்பதும் கெடுதல். கொசு, கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற மருந்தைத் தலையில் தெளிப்பதும் இதே ரகம். தோட்டத்துப் பூச்சிமருந்து இன்னும் மோசம்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது இயற்கை வைத்தியம்தானே என்பார்கள். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். இந்தியக் கண் மருத்துவர்கள் இப்படிப் பல நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கற்பூரம் கலந்த எண்ணெயைச் சின்னக் குழந்தை நக்கிவிட்டால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் தலையில் தேய்ப்பதோடு நிற்கட்டும். கைக்குழந்தைக்கு அதை வாயில் புகட்டும் பழக்கம் நம்மிடையே இருந்தது. அதனால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்களே 1981-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வீட்டில் அந்தப் போத்தல் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பாட்டி வைத்தியத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுவது தேங்காய் எண்ணெயையும் பேன் சீப்பையும்தான். எண்ணெய் தனியாகப் பேனை ஒழித்துவிடாது. ஆனால் எண்ணெயோ கண்டிஷனரோ தடவிய முடியில் பேன் ஓட முடியாமல் மந்தமாகிவிடும், சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். பேன் சீப்பின் வயதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். இஸ்ரேலின் லாகீஷ் என்ற பழம்பெரும் ஊரில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்றில், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் பொறித்த எழுத்துகளை 2022-இல் படித்துச் சொன்னார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. அகரவரிசை எழுத்தில் கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியங்களில் ஒன்று, பேனைப் பற்றியது!

இப்போது, "எவ்வளவு போட்டும் போகவில்லை" என்ற அந்த நேயரின் கேள்விக்கு வருகிறேன். 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது' என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, பதில் அதிலேயே இருக்கிறது. பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து ஈர் வைக்கும். பசை போட்டு ஒட்டியது போல முடியின் அடியில் ஒட்டிவிடும். அது பொரிய ஏழு முதல் ஒன்பது நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் ஒன்பது, பத்து நாளாவது வேண்டும். ஃபார்மசியில் கிடைக்கும் பெர்மெத்ரின், மலத்தியோன் போன்ற மருந்துகள் ஊர்கிற பேனைக் கொல்லும், எல்லா ஈரையும் கொன்றுவிடாது. இன்று மருந்து போட்டீர்கள், பேன் செத்தது. தப்பிய ஈர் அடுத்த வாரம் பொரியும். "மறுபடி ஒட்டிக்கொண்டது" என்று நினைத்து, இன்னொரு வாரம் கழித்து வேறு மருந்து வாங்குவீர்கள். அதற்குள் குஞ்சுகள் பெரியவையாகி அடுத்த தலைமுறையை வைத்துவிடும்.

ஆகவே முதல் மருந்து போட்ட அன்றே நாட்காட்டியில் ஒன்பதாவது நாளை வட்டம் போடுங்கள். தலை சுத்தமாகத் தெரிந்தாலும் அன்று இரண்டாம் முறை போட வேண்டும். எல்லா ஈரும் பொரித்திருக்கும், எந்தக் குஞ்சும் இன்னும் தாயாகியிருக்காது. மருந்துக்கு மருந்து இடைவெளி கொஞ்சம் மாறும் என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதையும் படியுங்கள், ஃபார்மசிஸ்டிடம் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தங்கள் தலைக்குப் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது. சில மலத்தியோன் திரவங்களில் ஆல்கஹால் இருப்பதால் அடுப்பும் ஹேர் டிரையரும் பக்கத்தில் வேண்டாம். பழைய மருந்துகளுக்குப் பேன் பழகிப்போய்விட்ட செய்தி உலகம் முழுக்க இருக்கிறது. இரண்டு முறை சரியாகப் போட்டும் உயிருள்ள பேன் ஓடினால், அதே மருந்தை மூன்றாம் முறை ஊற்றாதீர்கள். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் வகை மருந்து உண்டு. நஞ்சால் அல்லாமல் பேனை மூடிப் போர்த்திக் கொல்வதால், பேன் அதற்குப் பழகும் வாய்ப்பு குறைவு.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை சொல்வது: தலையைக் கழுவி, கண்டிஷனர் தடவி, ஈரத்தோடு பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13-ஆம் நாள்களில் இப்படிச் செய்துவிட்டு, 17-ஆம் நாள் ஒருமுறை சோதியுங்கள். நீண்ட கூந்தலுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிள்ளைக்குக் கதை சொல்லலாம், கைப்பேசியைக் கொடுக்காமல் இருந்தால் அதுவே லாபம். எந்த வழியானாலும், வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். அப்பா தலையைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பாட்டியின் கொண்டையையும்!

வீட்டைத் தலைகீழாகக் கழுவி மருந்தடிக்கத் தேவையில்லை. கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டால் போதும். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள்.

மொட்டை போடுவது பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் முடியிறக்கிய பிள்ளை சந்தனம் பூசிய தலையோடு பள்ளிக்குப் போனால் யாரும் சிரிப்பதில்லை. பேனுக்காகக் கோபத்தில் மழித்துவிட்ட ஒன்பது வயதுப் பெண் பிள்ளையின் நிலை வேறு. முடி வளர மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அந்தப் பிள்ளை எத்தனை மாதம் கேலியைச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சீப்பு செய்யக்கூடிய வேலைக்கு இது அதிக விலை.

பள்ளியிலும் அப்படித்தான். வகுப்பின் முன் நிறுத்திப் பார்ப்பதும், பேன் உள்ள பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைப்பதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் வேண்டாத வேலை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு பேனுக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நிறுத்தக் கூடாது என்கிறது. ஒரு மாதமாகத் தலையில் இருந்த பேன் இன்று பிற்பகல் மட்டும் என்ன புதிதாகக் கெடுத்துவிடப் போகிறது? பின்னிய சடையும், சீப்பையும் தூடோங்கையும் தொப்பியையும் மாற்றிக்கொள்ளாத பழக்கமும், மாதம் ஒருமுறை வீட்டில் தலை பார்ப்பதும் போதும்.

சொறிந்து சொறிந்து தலையில் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். தாதியருக்கு இது புதிதல்ல, முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிள்ளைக்குப் பேன் என்று தெரிந்த அன்றே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட முடியுமா என்று பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒழித்துவிட்டு மற்ற வீடுகளில் விட்டால், அடுத்த மாதம் திரும்பி வரும். எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்கள் இதை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளலாம்: "வணக்கம். எங்கள் பிள்ளை தலையில் பேன் பார்த்தோம், இன்று மருந்து போட்டுவிட்டோம், ஒன்பதாவது நாள் மறுபடி போடுவோம். உங்கள் பிள்ளை தலையையும் இந்த வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நன்றி."