வீட்டில் ஒரு சிறு தச்சுப் பட்டறை

கதவு, கட்டில், மேசை, நாற்காலி என நம்மைச் சுற்றிலும் மரப்பொருள்கள் நிறைந்துள்ளன. ஆயினும் அவற்றுள் ஒன்றின் கால் ஆடினால்கூட, ஆசாரி வரும் வரை நாள்கணக்கில் காத்திருக்கிறோம். "பெண்பிள்ளைக்கு உளியும் சுத்தியலும் எதற்கு?" என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது.

எங்கள் தாத்தா தச்சுவேலை செய்தவர். கைநடுக்கத்தால் அவர் தொழிலை விட்டபின், கருவிகள் பரணில் துருவேறிக் கிடந்தன. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடப் போவதாக அறிந்ததும், சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். தாத்தா திண்ணையில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நாங்கள் கற்றவற்றை இங்கே கூறுகிறோம்.

பட்டறைக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள, வெளிச்சமும் காற்றும் வரும் கொல்லைத் தாழ்வாரம் போதும். நம் ஊர்த் தச்சர் பலர் தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் பிடித்துக்கொண்டு வேலை செய்வர். பழகாதவர்க்கு அது ஆபத்து. ஆகவே ஆடாத மேசை ஒன்று தேவை. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு இருக்கும் உயரமே அதற்கு ஏற்றது.

அளவுநாடா, மூலைமட்டம், ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, திருப்புளி, துளையிடும் கருவி ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். உளியின் வாயை 25 முதல் 30 பாகைச் சரிவில் தீட்டி வைக்க வேண்டும். மழுங்கிய உளியை அதிக பலத்தோடு தள்ளுவதால் அது வழுக்கிக் கையை வெட்டும். உளி செல்லும் வழியில் ஒருபோதும் கையை வைக்கலாகாது. எங்களுள் இளையவளின் பெருவிரல் தழும்பே இதற்குச் சாட்சி!

பச்சை மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும்; நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் பலகை கோணும், வெடிக்கும். நன்கு உலர்ந்த மாம்பலகை பழகுவதற்கு ஏற்றது.

முதல் வேலையாக மணை ஒன்று செய்யலாம். 18 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் குறித்துக்கொள்க. மூலை சரியாக உள்ளதா என அறியக் கணக்குப் பாடம் உதவும். மூலையிலிருந்து அகலப் பக்கம் 6 அங்குலமும் நீளப் பக்கம் 8 அங்குலமும் குறித்தால், இரு குறிகளுக்கும் இடையே 10 அங்குலம் இருக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என அன்று உணர்ந்தோம்.

ரம்பம் செல்லும் வழியில் சிறிது மரம் தூளாகும். ஆதலால் கோட்டின்மீது அறுக்காமல், கழிக்கும் பக்கமாக ஒட்டி அறுக்க வேண்டும். ரேகை ஓடும் திசையிலேயே இழைக்க வேண்டும். எதிராக இழைத்தால் சிராய் பெயரும். அடியில் குறுக்காக இரு கட்டைகளை வைத்து, முதலில் சிறு துளையிட்டுப் பின் திருகாணியை முடுக்கினால் பலகை பிளக்காது. இறுதியாக உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

எங்கள் முதல் மணை ஆடியது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பதுபோல் நாங்கள் தரையைக் குறை கூறினோம். தாத்தா மணையைத் தடவிப் பார்த்து, உயர்ந்திருந்த கட்டையைக் காட்டி, "இதை இழை, அம்மா" என்றார். இப்போது அதில் அமர்ந்தே அவர் உணவருந்துகிறார்.

புனித சூசையப்பர் செய்த தொழில் யாருக்கும் இழிவன்று. பெண்களுக்கு விலக்கும் அன்று. தோழியரே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்!