காத்திருக்கும் இளையோர் புதினங்கள்: மதிப்புரையின் தேவையும் காஞ்சிபுரத்து வாசகரும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் பதின்பருவத்தினருக்கான புதினங்கள் அண்மைக்காலத்தில் தனி வகையாக உருப்பெற்று வருகின்றன. ஆயினும் அவற்றை வாசித்து மதிப்பிடும் முயற்சி அதற்கேற்ப வளரவில்லை. விருது, நூலகக் கொள்முதல், மதிப்புரை ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன என்பதையும், ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்களின் இளம் வாசகரை முன்னிறுத்தி, மதிப்புரைக்குரிய சில அளவுகோல்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இளையோர் புதினம், மதிப்புரை, பதின்பருவம், காஞ்சிபுரம், கோர்வை நெசவு.

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம்பருவம் என வரையறுக்கிறது. இப்பருவத்தினர் சிறுவர் கதைகளைக் கடந்தவர்கள். பெரியோருக்கான புதினங்களுக்குள் முழுமையாக நுழையாதவர்கள். அமெரிக்காவில் எஸ். இ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்த பின்னர் இவர்களுக்கான புதினம் தனி வகையாக வலுப்பெற்றது. இவ்வகைக்கென அந்நாட்டு நூலகச் சங்கத்தின் பிரிவொன்று வழங்கும் பிரின்ட்ஸ் விருது 2000இல் தொடங்கியது. தமிழில் இவ்வகை வேர்கொள்ளும் இக்காலத்தில், அதனை மதிப்பிடும் முறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தமிழ் மரபில் பதின்பருவம்

பருவங்களைப் பகுத்துப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பகுத்தன. மங்கை, மடந்தை ஆகிய பருவங்கள் இன்றைய பதின்பருவத்தோடு ஒத்துவருவன. எனினும் உலா இலக்கியத்தில் இப்பருவத்தினர், பவனி வரும் தலைவனைக் கண்டு காதல் கொள்பவராகப் புலவரால் வருணிக்கப்படுகின்றனர். அவர்களே வாசகராகக் கருதப்படவில்லை. பதின்பருவத்தவரைப் பாடுபொருளாகக் கொள்வதும் அவரையே வாசகராகக் கொள்வதும் வேறு வேறு. இளையோர் புதினம் இரண்டாவது நிலையைச் சார்ந்தது.

விருதும் மதிப்புரையும்

சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் விருதினை வழங்கி வருகிறது. தமிழில் எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) ஆகிய புதினங்கள் இவ்விருதைப் பெற்றுள்ளன. முதலாவது, சிறார் மீதான பாலியல் சீண்டலைப் பேசுவது. இரண்டாவது, கீழடியைப் பின்புலமாகக் கொண்டது. பெரியோர் மட்டுமே பேசத்தக்கன எனக் கருதப்பட்ட பொருள்களும், வரலாற்று ஆய்வின் புதிய செய்திகளும் இளையோரிடம் புதினவழிச் சேர்வதை இவை காட்டுகின்றன.

ஆயின் விருது ஆண்டுதோறும் ஒரு மொழியில் ஒரு நூலுக்கே உரியது. எஞ்சிய நூல்கள் வாசிப்பையும் மதிப்பீட்டையும் எதிர்நோக்கியே நிற்கின்றன. சென்னைப் பொது நூலகச் சட்டம் (1948) உருவாக்கிய அமைப்பின்வழி நூல்கள் நூலக அடுக்குகளை அடையலாம். அடுக்கிலிருந்து வாசகரின் கைக்குச் செல்ல வழிகாட்டுதல் தேவை. எவ்வயதினருக்கு ஏற்றது, எப்பொருளை எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது என்பன தெரியாதபோது ஆசிரியரோ நூலகரோ அந்நூலைத் தவிர்த்துவிடுவது இயல்பு. அத்தவிர்ப்பால் முதலில் விலக்கப்படுபவை கடினமான பொருளைப் பேசும் நூல்களே. சீண்டலைப் பற்றிய புதினம் அதனை எதிர்கொள்ளும் சிறுமியைச் சென்றடையாமல் போவதே இதன் விளைவு. பெரியோர் இலக்கியத்தில் க. நா. சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ போன்ற நூல்களால் செய்த அறிமுகப் பணி இளையோர் புதினத்திற்கும் தொடர்ச்சியாக நிகழ வேண்டியுள்ளது.

தறிக்கருகில் இருக்கும் வாசகர்

புதினங்கள் பல எழுதிய பேரறிஞர் அண்ணா 1909இல் பிறந்த நகரம் காஞ்சிபுரம். அந்நகரின் பட்டுச்சேலைக்குப் பெருமை சேர்ப்பது கோர்வை நெசவு. உடலும் இருபுறக் கரைகளும் வெவ்வேறு நிறம் பெறும் பொருட்டு இம்முறையில் மூன்று நாடாக்கள் பயன்படுகின்றன. ஒருவர் மட்டுமே நெய்வது அரிது. கரையின் நாடாவைத் தள்ள அருகில் ஒரு துணையாள் தேவை. அத்துணையாளின் இடத்தில் நெடுங்காலம் சிறுவரும் சிறுமியரும் அமர்ந்தனர். 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் சிறார் கொத்தடிமை முறை குறித்து வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. குடும்பம் பெறும் முன்பணம் பிள்ளையின் உழைப்பைப் பிணைக்கும் முறையை அது பதிவு செய்தது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதிற்குட்பட்டோரைப் பணியில் அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவுவதற்கு விலக்களித்தது. எனவே வீட்டிலேயே தறி உள்ள மாணவரின் வாசிப்பு நேரம், சட்டம் அனுமதித்த உழைப்பு நேரத்தோடு போட்டியிட வேண்டியதாகிறது.

‘காஞ்சிவரம்’ (2008) திரைப்படம், மகளின் திருமணத்திற்குப் பட்டுச்சேலை தருவதாகச் சூளுரைக்கும் நெசவாளரைக் காட்டுகிறது. அங்கே மையம் தந்தையின் கனவு. அக்கனவின் பொருளான மகள் தன் வாழ்வை எவ்வாறு காண்கிறாள் என்பதே இளையோர் புதினம் எழுப்பக்கூடிய வினா.

மதிப்புரைக்கான அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நான்கு வினாக்களை மதிப்புரையாளர் எழுப்பலாம்.

1. நிகழ்வுகள் எவர் பார்வையில் சொல்லப்படுகின்றன? இளையவர் பார்வை இறுதிவரை நிலைக்கிறதா?
2. சிக்கலைத் தீர்ப்பவர் யார்? பெரியவர் ஒருவர் வந்து அறிவுரையால் முடித்துவைக்கிறாரா, இளையவரே முடிவெடுக்கிறாரா?
3. உழைப்பு, சாதி, பாலினம் ஆகியவை கதையின் இயக்கத்தில் பங்கேற்கின்றனவா, பின்னணி அலங்காரமாக நிற்கின்றனவா?
4. பாடநூல் நடையைக் கடந்து, இளையோர் பேசும் மொழியைப் புதினம் மதிக்கிறதா?

இவற்றோடு, இளையோரே எழுதும் மதிப்புரைக்கும் இடமளித்தல் இன்றியமையாதது. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ போன்ற மாணவர் இதழ்கள் அதற்கு ஏற்ற களமாகலாம். பெரியவர் பாராட்டிய நூலை மாணவர் சலிப்பூட்டுவதாகக் கண்டால் அக்கருத்தும் ஆய்வுக்குரிய சான்றே.

முடிவுரை

இளையோர் புதினம் எழுதப்படுவதோடும் பரிசு பெறுவதோடும் அதன் பயணம் நிறைவுறுவதில்லை. விருது ஒரு நூலைச் சிறப்பிக்கிறது. நூலகம் அதனைப் பேணுகிறது. உரிய வாசகரிடம் அதனைச் சேர்ப்பது மதிப்புரையே. கோர்வை நெசவில் கரையின் நாடாவைத் தள்ளும் கரங்களுக்கு உரியவரையும் வாசகராகக் கருதி எழுதப்படும் மதிப்புரையே இவ்வகை இலக்கியத்தின் வளர்ச்சிக்குத் துணை நிற்கும்.