மடிக்கணினியும் கோடை வெப்பமும்

மடிக்கணினி வன்தட்டின் காந்தத் தட்டுகள் பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கின்றன. இச்சுழற்சியாலும் அருகிலுள்ள செயலியாலும் வெப்பம் மிகுகிறது. இவ்வகை வன்தட்டுகள் பலவற்றின் இயங்கு வரம்பு 60 டிகிரி செல்சியஸ். வட இந்தியக் கோடையில் காற்றே 45 டிகிரியை எட்டும்போது எஞ்சும் இடைவெளி 15 டிகிரிதான்.

எனினும், பழுதுகள் அனைத்திற்கும் வெப்பமே காரணம் எனக் கொள்வதற்கில்லை. பெரிய கணினி நிலையங்களில் இயங்கிய ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கூகுள் நிறுவனத்தார் ஆராய்ந்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டனர். மிதமான வெப்பநிலையில் பழுது கூடவில்லை. மிகுவெப்பத்தில், குறிப்பாக மூன்றாண்டு கடந்த தட்டுகளிலேயே, அது கூடிற்று.

ஆகவே, பழைய கணினிகளைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் கூடுதல் கவனம் கொள்ளுதல் வேண்டும். காற்றுத் துளைகளைக் கோப்புகள் மறைக்கலாகாது. பயனாளிகளின் பதிவேடு அழியுமாயின், தட்டின் விலையைக் காட்டிலும் உதவித்தொகைக்குக் காத்திருப்போர் அடையும் தாமதமே பேரிழப்பாகும். எனவே, பதிவுகளை நகலெடுத்து வேறிடத்தில் வைத்தல் இன்றியமையாதது.