இதணமும் பயம்பும்: சங்கப் பாடல்களில் வேட்டையிடத் தேர்வு

மான் வேட்டம் புகுவோன் முதற்கண் அறியவேண்டுவது வில்லின் திறம் அன்று. அவ்விலங்கு யாதை உண்ணும், யாண்டு நீர் பருகும், எவ்வழி வரும் என்பனவே. இவற்றை அறிந்த பின்னரே அவன் பதுங்குதற்குரிய இடம் அமையும். இவ்வறிவு சங்கச் செய்யுட்களில் எங்ஙனம் பதிந்துள்ளது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

காவிரி நாட்டிலிருந்து தமிழ் பயில வரும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டற்பாலது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் சாலையில் உள்ள திருவிடைமருதூரை எடுத்துக்கொள்வோம். மருதமரத்தால் பெயர் பெற்ற அவ்வூரைச் சூழ்ந்தன நெற்கழனிகளே. மலையும் காடும் அங்கு இல்லை. பரண் எனின் அவ்வூரார் அறிவது வீட்டினுள் பண்டங்களை ஏற்றிவைக்கும் மேல்தட்டு. எனவே, பரண் எனப் பொருள்படும் இதணம், கழுது என்னும் சொற்களைக் குறிஞ்சிப் பாடல்களிற் காணுங்கால், அவற்றை வேட்டுவன் அமரும் இடம் எனப் பொதுப்படக் கொண்டுவிடுதல் எளிது. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

முதற்கண் மானின் உணவைக் காண்போம். தொல்காப்பிய மரபியல் கூறும் விலங்குப் பெயர்களுள் 'புல்வாய்' என்பதும் ஒன்று. அப்பெயரிலேயே புல் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. அகநானூற்று 34ஆம் பாடலில், இரலை தன் பிணைக்கு அறுகின் மென்கதிரை ஊட்டுகின்றது. பின்னர் நீரை அடுத்த மணற்கரையில் அது துயில, அருகே காத்து நிற்கின்றது. உணவும் நீரும் தங்குமிடமும் ஒருங்கே அமைந்த நிலம் அது. நற்றிணை 6ஆம் பாடல், ஓரியின் காட்டுவழியில் குமிழின் கனி மானுக்கு உணவாதலைக் கூறும். குறுந்தொகை 235ஆம் பாடல், மரைக்கூட்டம் நெல்லியை உண்ணும் சிற்றூர் முன்றிலைக் காட்டும். முல்லையிற் புல், வழியிற் குமிழ், முன்றிலில் நெல்லி என, நிலந்தோறும் உணவு வேறுபடுகின்றது. புலவர் இவற்றைக் கருப்பொருளாக அமைத்தனர். வேட்டுவனுக்கோ இவையே விலங்கு வரும் இடத்தின் அடையாளங்கள்.

இனி, பதுங்குமிடம் காண்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினரின் நள்ளிரவு வேட்டையை விளக்குகின்றது. மழை பொய்த்த காலம். மானின் அடிச்சுவடு படிந்த வழிகள். அவற்றின் பக்கத்தே தோண்டிய குழிகள். 'பயம்பு' எனப்படும் அக்குழிகளுள் ஒடுங்கி, நீர் வேட்கையால் வரும் பன்றியை அவர் எதிர்நோக்கியிருப்பர். காலம், சுவடு, நீர் என்னும் மூன்றும் இவ்விடத்தை உறுதி செய்தன. மேலும், அந்நூல் எயினர் குடிசையின் முன்றிலில் பார்வை விலங்கு கட்டப்பட்டிருத்தலையும் குறிக்கின்றது. பிற மான்களைக் கவர்ந்து வருவிக்கப் பழக்கிய மான் என்பது அதன் பொருள். இவ்வேட்டையில் உயர்ந்த பரண் யாதும் இல்லை. மறைவே அதன் உயிர்.

இதணத்தின் இயல்போ இதற்கு மறுதலையானது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், மரத்தின்மேல் அமைத்த இதணத்தில் ஏறிய மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்துக் கிளிகளை ஓட்டுவர். அகநானூற்று 102ஆம் பாடலில், கழுதின்கண் இருக்கும் கானவனும் தினைப்புனத்தின் காவலனே. ஓசை எழுப்புவோன் விலங்கை வருவிக்க விரும்பான். ஒடுங்கியிருப்போன் அதனை வெருட்ட விரும்பான். ஆகவே யாம் எடுத்துக்காட்டிய பாடல்களில் இதணமும் கழுதும் காவலுக்குரியன, பயம்பு வேட்டைக்குரியது எனத் துணியலாம்.

புனங்காப்போரும் விலங்கைக் கொல்வர் அன்றோ எனின், அதனை மறுக்கிலேம். பன்றி புகும் வழிதோறும் கற்பொறி அமைத்தமையை மலைபடுகடாம் கூறும். நற்றிணை 98ஆம் பாடலில், பொறி வைத்த இடுக்கில் நுழையப்புகும் பன்றி, பல்லியின் ஒலி கேட்டு மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்கு மீள்கின்றது. பொறியும் விலங்கின் வழி அறிந்தே வைக்கப்பட்டது. ஆயினும் அதன் நோக்கம் பயிர் காத்தலே. காவலும் வேட்டையும் ஒரே அறிவினின்று தோன்றி, நோக்கத்தால் வேறுபட்டன என்பதே முடிபு.

இவ்வறிவு இன்று கொலைக்குப் பயன்படுவதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துள்ளது. எனினும் காவிரிநாட்டின் கடற்கோடியாகிய கோடியக்கரையில், 1967ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக உள்ள நிலத்தில், வெளிமான்கள் இன்றும் மேய்கின்றன. முறுக்குண்ட கொம்புடைய இரலை என்பது இதுவே எனக் கொள்வர். அவற்றின் புல்வெளியுள் சீமைக்கருவேல் பரவுகின்றது. புல் குன்றின் இரலையும் குன்றும். அகநானூற்றுப் புலவர் இரலையையும் அறுகையும் ஒருசேரப் பாடியது வெறும் அணிக்காக அன்று என்பதனை நெல்வயலூர் மாணவர் அங்குச் சென்று நேரிற் கண்டு தெளியலாம்.