மெட்ரோ ஓடுற ரோட்டுல நெடுந்தூர பஸ் எதுக்கு?

சென்னை அண்ணா சாலையில் மேலும் கீழும் மெட்ரோ ஓடுது. அப்புறம் ஏன் தாம்பரத்தில் இருந்து அதே ரோட்டுல பஸ்? விமான நிலையத்தோட நிறுத்தி, மெட்ரோவில் மாத்தி விட்டா என்ன? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஜனங்க கணக்கு வேற.

2015 ஜூன் 29ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓட ஆரம்பித்த மெட்ரோ, 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. தெற்கே விமான நிலையத்தோட தண்டவாளம் முடிஞ்சுபோச்சு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

தாம்பரத்தில் இருந்து அண்ணா சாலை துணிக்கடைக்கு வேலைக்கு வரும் பெண்ணை எடுத்துக்கோங்க. 2021 மே மாதம் வந்த இலவச பயணத் திட்டத்தால் சாதாரண பஸ்சில் டிக்கெட் காசு கிடையாது. சீட் கிடைக்குதோ இல்லையோ, ஒரே பஸ்சில் கடை பக்கத்துலயே இறங்கிடலாம். பஸ்சை பாதியில் வெட்டினா? மெட்ரோவில் குறைந்தபட்ச டிக்கெட்டே 10 ரூபாய். போக வர 20. மாசம் 25 நாளுக்கு 500 ரூபாய். இந்த தூரத்துக்கு அதுவும் பத்தாது. கடை சம்பளத்தில் இது சின்ன காசா?

மின்சார ரயில் இருக்கேம்பாங்க. அது மாம்பலம், எழும்பூர் பக்கமா போகுது. இறங்கி மறுபடி பஸ்தான்.

நெடுந்தூர பஸ்சிலும் கோளாறு உண்டு. கத்திப்பாராவில் மாட்டினா, திரும்பி வர வேண்டிய வண்டியும் லேட். தாம்பரத்துல கூட்டம் காத்துக் கிடக்கும். அதுக்கு நடுவுல கிண்டியில் இருந்து கூடுதல் பஸ் விடலாம். ரூட்டையே தூக்கினா, கடை மூடி ராத்திரி வீடு திரும்புறவங்க நடுவழியில் இறங்கி அடுத்த பஸ்சுக்கு நிக்கணும்.